தோலைச் சுடாத லேசர்

லேசர் என்ற சொல்லைக் கேட்டவுடன் நம் மனக்கண்முன் தோன்றுவது சுடுவதும் அறுப்பதும் துளைப்பதுமான ஒரு கதிர். அது எஃகுத் தகட்டை அறுக்கிறது, வைரத்தில் துளையிடுகிறது, கண்ணின் விழிப்படலத்தைச் செதுக்குகிறது. 1960-ஆம் ஆண்டில் தியோடர் மைமன் என்ற அமெரிக்க விஞ்ஞானி மாணிக்கக் கோலொன்றிலிருந்து முதல் லேசர்க் கதிரை வெளிக்கொணர்ந்த நாள்தொட்டே இவ்வெண்ணம் மக்கள் மனத்தில் வேரூன்றிவிட்டது. ஆகையால், தோல் நோய்க்கு லேசர் சிகிச்சை என்று மருத்துவர் சொன்னதும், நோயுற்ற தோலைச் சுட்டு உரித்தெடுக்கப் போகிறார்கள் என்றே பலரும் அஞ்சுகின்றனர். நான் இங்கே எழுதப் புகுந்த லேசர் அத்தகையதன்று. அது தோலின்மேல் விழும்போது வலி இல்லை, புண் இல்லை, சிலருக்கு மட்டும் இளஞ்சூடு தெரியும். சுடவும் அறுக்கவும் இல்லையென்றால் அது செய்யும் வேலைதான் என்ன?

இச்சிகிச்சை பயன்படும் நோய்களில் தலையாயவை இரண்டு. ஒன்று வெண்புள்ளி. மற்றொன்று சொரியாசிஸ், சித்த மருத்துவர்கள் காளாஞ்சகப்படை என்று குறிப்பிடுவது. திட்டுத்திட்டாக மயிர் உதிரும் புழுவெட்டுக்கும் இதனைப் பயன்படுத்துகின்றனர். அதனை இங்கே விரிக்கவில்லை. பார்வைக்கு இவ்விரண்டும் ஒன்றோடொன்று தொடர்பற்றவை. வெண்புள்ளியில் தோல் வழவழப்பாகவே இருக்கும். நிறம் மட்டும் போய்விடும். சொரியாசிஸில் தோல் தடித்துச் சிவந்து, வெள்ளி நிறச் செதில்களாக உதிரும். ஆனால் தோலுக்குள் புகுந்து பார்த்தால் இரண்டிலும் குற்றவாளி ஒருவனே என்பது புலப்படும். கிருமிகளை எதிர்த்துப் போரிடுவதற்காக நம் குருதியில் உலவும் வெள்ளணுக்களில் டி அணுக்கள் என்று ஒரு வகை உண்டு. அவை எதிரியை விட்டுவிட்டுச் சொந்த வீட்டாரையே தாக்கத் தொடங்குவதுதான் இந்நோய்களின் மூலம்.

வெண்புள்ளியில் அவை தாக்குவது தோலுக்கு நிறம் தரும் மெலனோசைட்டு என்னும் நிறமி அணுக்களை. இன்டர்ஃபெரான் காமா என்ற வேதிப்பொருள் இப்போருக்கு முரசறைகிறது. அதைக் கேட்டு மேலும் மேலும் டி அணுக்கள் அவ்விடத்துக்கு வந்து குவிகின்றன. நிறமி அணுக்கள் அழிந்துபோகின்றன. சொரியாசிஸில் நடப்பது வேறு. அங்கே டி அணுக்கள் தோலணுக்களைக் கொல்வதில்லை, ஓயாமல் தூண்டிவிடுகின்றன. அடியில் பிறந்த தோலணு மேலே வந்து உதிர்வதற்கு ஏறத்தாழ ஒரு மாதம் ஆவது இயற்கை. சொரியாசிஸ் உள்ள இடத்தில் அப்பயணம் சில நாள்களிலேயே முடிந்துவிடுகிறது. முற்றாத அணுக்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிச் செதிலாகின்றன. இன்டர்லூகின் 17, இன்டர்லூகின் 23 ஆகிய வேதித் தூதர்களே இங்கே முதன்மையானவர்கள்.

இரண்டும் தொற்றுநோய்கள் அல்ல. ஒரு தட்டில் உண்டாலும் ஒரு பாயில் உறங்கினாலும் ஒட்டுவதில்லை. வெண்புள்ளிக்கு நம்மவர் ‘வெண்குஷ்டம்’ என்று வைத்த பெயர் எவ்வளவு தீங்கு செய்துவிட்டது என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. குஷ்டத்துக்குக் காரணம் ஒரு நுண்கிருமி. வெண்புள்ளிக்கோ கிருமியே கிடையாது. ஒரு பெயரை முன்னிட்டுப் பெண் கொடுக்கவும் எடுக்கவும் மறுக்கும் குடும்பங்கள் இன்றும் உள்ளன. (குஷ்டமே இன்று மருந்தால் முற்றும் குணமாகும் நோய் என்பது வேறு செய்தி.)

இந்நோய்களுக்கு ஒளியை மருந்தாக்கியது நேற்று இன்று தோன்றிய எண்ணமன்று. நாட்டு மருந்துக் கடைகளில் கார்போகரிசி என்று கேட்டால் கருநிறமான சிறு விதைகளைத் தருவார்கள். வடநாட்டார் அதனைப் பாவ்சீ என்பர். அதை அரைத்து வெண்புள்ளியின்மேல் பூசி வெயில் காயும் வழக்கம் நம் நாட்டில் மிகப் பழையது. நைல் நதிக்கரையிலோ, அங்கே விளையும் வேறொரு செடியின் விதையைக் கொண்டு இதே முறையைக் கையாண்டனர். ஒருவரையொருவர் அறியாத இரு நாட்டினர் ஒரே வழியைக் கண்டது எப்படி என்று வியக்கலாம். இரண்டு விதைகளிலும் இருப்பது சோரலென் இனத்தைச் சேர்ந்த பொருள்களே என்பது பின்னர்த் தெளிவாயிற்று. 1940-களின் பிற்பகுதியில் எகிப்தில் எல் மொஃப்தி என்ற மருத்துவர், நைல்கரைச் செடியிலிருந்து பிரித்தெடுத்த படிகத்தை வெண்புள்ளி நோயாளிகளுக்குக் கொடுத்து வெயிலில் அமரச் செய்து, அதன் பயனை வெளியிட்டார். 1974-இல் அமெரிக்காவில் பாரிஷ், ஃபிட்ஸ்பாட்ரிக், டானன்பாம், மது பாதக் ஆகியோர் வெயிலுக்குப் பதிலாகப் புற ஊதா ‘ஏ’ விளக்குகளை வைத்து, அதே மருந்தால் சொரியாசிஸை அடக்கிக் காட்டினர். பூவா என்று பெயர்பெற்ற அம்முறை பல்லாயிரவர்க்கு நலம் செய்தது. ஆயினும் அம்மருந்து குமட்டலைத் தந்தது. அன்று முழுவதும் கறுப்புக் கண்ணாடி அணிய வேண்டியிருந்தது. பல ஆண்டுகள் தொடர்ந்தவர்களில், குறிப்பாக வெண்ணிறத் தோலினரிடையே, தோல் புற்றுநோய் மிகுதியாகக் காணப்பட்டது.

ஒளி மருத்துவத்துக்கு நோபெல் பரிசு கிடைத்தது அதற்கும் முன்னரே, 1903-இல். பெற்றவர் டென்மார்க்கு நாட்டு நீல்ஸ் ஃபின்சன். அவர் குணப்படுத்தியது ‘லூப்பஸ் வல்காரிஸ்’ என்னும் தோல் காசநோயை. அது கிருமியால் வருவது. பெயரில் லூப்பஸ் என்றிருப்பதால் சிலர் அதனை உடலின் எதிர்ப்பாற்றல் பிறழ்ச்சியால் வரும் லூப்பஸ் நோயோடு சேர்த்துக் குழப்பிக்கொள்கிறார்கள். இந்த இரண்டாவது லூப்பஸ் உடையவர்களுக்குப் புற ஊதா ஒளி நோயை மிகைப்படுத்தும். அவர்களை விளக்கின் பக்கமே விடலாகாது. எதிர்ப்பாற்றல் பிறழ்ந்த நோய்களுக்கெல்லாம் ஒளி நல்லது என்று யாரும் முடிவுகட்டிவிடக் கூடாது என்பதற்காகவே இதனை இங்கே குறித்தேன்.

இனி, இந்த வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த ஓர் ஆராய்ச்சிக்கு வருகிறேன். அது 1981-இல் வெளிவந்தது. செய்தவர்கள் முன்சொன்ன பாரிஷும் ஜேனிக்கி என்பவரும். புற ஊதா ஒளி சொரியாசிஸுக்கு நல்லது என்பது அதற்கு முன்பே தெரியும். ஆனால் புற ஊதா என்பது ஒற்றை ஒளியன்று. பல அலைநீளங்களின் கூட்டம். அக்கூட்டத்தில் வேலை செய்வது எது? அவர்கள் அலைநீளம் அலைநீளமாகப் பிரித்து, படையின் சிறு சிறு பகுதிகளில் செலுத்திப் பார்த்தனர். 290 நானோமீட்டரும் அதற்குக் குறைந்ததுமான கதிர்கள், தோலைச் சிவக்க வைப்பதற்கு வேண்டிய அளவைப்போலப் பன்மடங்கு கொடுத்தபோதும், நோயைத் தொடவே இல்லை. 300-ஐ ஒட்டிய கதிர்களும் அங்கிருந்து 313 வரை உள்ளவையும் நோயைத் தணித்தன. அதிலும் 304, 313 ஆகியவை தோலைச் சிவக்க வைக்காத அளவிலேயே வேலை செய்தன.

இதன் பொருளைச் சற்று நின்று நோக்க வேண்டும். வெயில் பட்டுத் தோல் கன்றிச் சிவப்பது வேறு. நோய் தணிவது வேறு. தோல் எரிந்தால்தான் மருந்து பிடிக்கிறது என்று எண்ணியிருந்தவர்களுக்கு இது புதிய பாடம். எரிச்சலை விட்டுவிட்டுப் பயனை மட்டும் எடுத்துக்கொள்ளும் வழி இருக்கிறது. அது 300-க்குச் சற்று மேலே உள்ள ஒரு குறுகிய சந்து. இதனை அறிந்ததும் 311 நானோமீட்டரில் ஒளிவிடும் குழல் விளக்குகளை ஃபிலிப்ஸ் நிறுவனத்தார் செய்தனர். ஆள் நிற்கக்கூடிய அலமாரி போன்ற பெட்டியில் அவ்விளக்குகளை வரிசையாகப் பொருத்தி, நோயாளியை உள்ளே நிறுத்திக் கதவைச் சாத்துவார்கள். 1997-இல் ஆம்ஸ்டர்டாம் நகரத்து மருத்துவர்கள் வெண்புள்ளிக்கும் இது பயன்படுவதைக் காட்டினர். இன்று நம் நாட்டுப் பெரிய மருத்துவமனைகள் பலவற்றில் இப்பெட்டி உண்டு. குறை என்னவென்றால், முழங்கையில் நாலணா அகலத்துக்கு நோய் இருந்தாலும் பெட்டிக்குள் நின்றவர் உடல் முழுவதும் ஒளி விழுகிறது. நல்ல தோல் தாங்கக்கூடிய அளவுக்குமேல் ஒளியைக் கூட்டவும் முடியாது.

அந்தச் சந்துக்குள்ளேயே ஒளிவிடும் லேசர் ஒன்று ஏற்கெனவே பௌதிக ஆய்வுக்கூடங்களில் இருந்தது. அதுதான் எக்சைமர் லேசர். நான் முதுகலையில் படிக்கும் பாடம் இதுவே ஆதலால் சற்று விரிவாகச் சொல்ல ஆசைப்படுகிறேன், பொறுத்தருள்க.

செனான் ஓர் அரிய வாயு. அதன் அணுக்கள் தாமே நிறைவு பெற்றவை; எவரோடும் எளிதில் கூட்டுச் சேராதவை. ஆனால் செனானையும் குளோரின் தரும் ஒரு வாயுவையும் ஒரு குழாயில் அடைத்து, வலிய மின்சாரத்தைப் பாய்ச்சினால், கிளர்ச்சியுற்ற செனான் அணு குளோரின் அணுவைக் கட்டிக்கொள்கிறது. தேர்த் திருவிழாக் கூட்டத்தில் முன்பின் அறியாத இருவர் வடம் பிடிக்கும் வேகத்தில் தோளோடு தோள் சேர்ந்துகொண்டு, தேர் நின்றதும் அவரவர் வழியே போய்விடுவதில்லையா? அதுபோலத்தான் இதுவும். கிளர்ச்சி தணிந்த கணத்தில் இணை பிரிந்துவிடுகிறது. பிரியும்போது அது விட்டெறியும் ஒளியின் அலைநீளம் 308 நானோமீட்டர்.

லேசர் உண்டாவதற்குக் கீழ்நிலையில் உள்ளவற்றைவிட மேல்நிலையில் உள்ளவை மிகுந்திருக்க வேண்டும் என்பது விதி. மற்ற லேசர்களில் இதற்காகப் படாதபாடு படவேண்டும். இங்கேயோ கீழ்நிலை என்பதே நிலைப்பதில்லை. கீழே வந்த இணை உடனே கலைந்துபோகிறது. எனவே மேலே நிற்பவை எப்போதும் பெரும்பான்மை. இவ்வகை லேசரின் முதல் ஒளியை 1970-இல் ரஷ்ய நாட்டில் பாசோவும் அவர் தோழர்களும் திரவச் செனானில் கண்டனர். செனானும் குளோரினும் சேர்ந்த வகை 1970-களின் நடுவில் வந்தது.

இந்த லேசர்க் குடும்பம் மருத்துவத்துக்குள் நுழைந்த கதையில் நம்மவர் ஒருவர் இருக்கிறார். சென்னைப் பல்கலைக்கழகத்தில் பயின்று அமெரிக்கா சென்ற ரங்கசாமி சீனிவாசன், ஐ.பி.எம். நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் ஜேம்ஸ் வின், சாமுவேல் பிளம் ஆகியோருடன் பணிபுரிந்தார். 1981 நவம்பரில், அந்நாட்டின் நன்றியறிதல் திருநாள் விருந்தில் மீந்த வான்கோழித் துண்டின்மேல் 193 நானோமீட்டர் எக்சைமர் லேசரைச் செலுத்தினார்கள். சுற்றியுள்ள தசை சிறிதும் கருகாமல், சீவினாற்போல் வெட்டு விழுந்தது. இன்று மூக்குக் கண்ணாடியைத் துறக்க விரும்புவோர் செய்துகொள்ளும் லேசிக் கண் சிகிச்சைக்கு அதுவே வித்து.

அண்ணன் 193, தம்பி 308 என்று வைத்துக்கொள்வோம். அண்ணன் ஒளித்துகளின் ஆற்றல் 6.4 எலக்ட்ரான் வோல்ட்டு. அவன் மூலக்கூறுகளின் பிணைப்பை அறுத்தெறிகிறான். தம்பியினுடையது 4 எலக்ட்ரான் வோல்ட்டு. தோலுக்குக் கொடுக்கும் அளவில் அவன் எதையும் வெட்டுவதில்லை. உள்ளே புகுந்து உட்கார்ந்து விடுகிறான். ஒரு முறைக்குத் தோலின் ஒரு சதுர சென்டிமீட்டருக்குக் கொடுப்பது பெரும்பாலும் சில நூறு மில்லி ஜூல்கள். 300 மில்லி ஜூல் என்று கொண்டால், நடுப்பகல் வெயில் ஏறக்குறைய 3 வினாடியில் அவ்விடத்தில் கொட்டும் ஆற்றல் அவ்வளவுதான்! 3 வினாடி வெயிலில் யாருக்கு என்ன ஆகிவிடும்? ஆகவே இங்கே வேலை செய்வது சூடு அன்று என்பது கணக்கிலிருந்தே விளங்கும். வெயிலின் ஆற்றல் நூறு அலைநீளங்களில் சிதறிக் கிடக்கிறது. இது அத்தனையும் ஒரே எண்ணில் வந்து விழுகிறது.

1997-இல் ஹங்கேரி நாட்டின் செகெட் நகரத்து ஆராய்ச்சியாளர்கள், கெமேனி முதலியோர், இந்த 308 லேசரைச் சொரியாசிஸின்மேல் செலுத்திப் பார்த்தனர். பெட்டி விளக்குக்கு வேண்டிய மொத்த ஒளியைவிடப் பன்மடங்கு குறைந்த ஒளியில், குறைந்த முறைகளில் படை மறைந்தது. 2000-ஆம் ஆண்டில் அமெரிக்க அரசு இதற்கு ஒப்புதல் அளித்தது.

308 நானோமீட்டர் ஒளி அணுவுக்குள் புகுந்து முதலில் தொடுவது டி.என்.ஏ. என்ற மரபுச் சுருளை. அதில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் இரண்டு தைமின் எழுத்துகளை ஒன்றாக ஒட்டிவிடுகிறது. எழுத்துகள் ஒட்டிய ஏட்டை அணு படிக்க இயலாது. தோலணு பெரும்பாலும் இதனைத் திருத்திக்கொள்ளும். வெயிலில் வாழப் பிறந்தது அல்லவா? நோயிடத்தில் குவிந்துள்ள டி அணுவுக்கு அத்தாங்கும் திறன் குறைவு. அது தன்னைத் தானே மாய்த்துக்கொள்கிறது. வெடித்துச் சிதறிப் புண்ணாக்காமல், சுருங்கி ஒடுங்கி மறைகிறது. லேசர் பட்ட சொரியாசிஸ் தோலை எடுத்துப் பார்த்தவர்கள் டி அணுக்கள் குறைந்திருப்பதை நேரிலேயே கண்டனர். தூண்டுகிறவன் போனதும் தோலணு தன் பழைய நடைக்குத் திரும்புகிறது.

சொரியாசிஸுக்கு இவ்வளவு போதும். வெண்புள்ளிக்குப் போதாது. தாக்குகிறவனை விரட்டிவிட்டாலும், அழிந்த நிறமி அணுக்கள் எங்கிருந்து வரும்? இங்கேதான் இயற்கையின் சேமிப்புக் களஞ்சியம் கைகொடுக்கிறது. ஒவ்வொரு மயிர்க்காலின் உறையிலும் நிறமி அணுக்களின் விதையணுக்கள் உறங்கிக்கொண்டிருக்கின்றன. ஒளி பட்ட தோலணுக்கள் விடும் வேதிச் செய்திகளால் அவை விழித்தெழுந்து, பெருகி, மயிர்க்காலின் சுவர் வழியே மேலேறி வெள்ளைத் தோலில் குடியேறுகின்றன. அதனால்தான் நிறம் திரும்பும்போது ஒரேயடியாகப் பரவாமல், மயிர்க்காலைச் சுற்றிக் கடுகளவு புள்ளிகளாகத் தொடங்குகிறது. புள்ளிகள் பெருத்து ஒன்றையொன்று தொட்டுச் சேர்வதற்கு மாதங்கள் ஆகின்றன.

இந்த ஒரு செய்தியை அறிந்தவர் பலவற்றைத் தாமே ஊகித்துக்கொள்ளலாம். முகத்திலும் கழுத்திலும் மயிர்க்கால்கள் அடர்த்தி. அங்கே விரைவில் நிறம் திரும்புகிறது. விரல் நுனியிலும் உள்ளங்கையிலும் உதட்டிலும் மயிர்க்காலே இல்லை. அங்கே ஒளி வீணாகிறது. வெள்ளைத் திட்டில் முளைத்த மயிரும் நரைத்திருந்தால் களஞ்சியமும் காலியாகிவிட்டது என்று பொருள், நம்பிக்கை குறைவு. மருத்துவர் விளக்கைத் தொடும் முன்பே, ஓரளவுக்கு முடிவு தெரிந்துவிடுகிறது.

எங்கள் விடுதியில் ஆராய்ச்சி மாணவர் ஒருவர், திருநெல்வேலிப் பக்கத்தவர், எனக்கு மூத்தவர். கன்னத்தில் இரண்டு திட்டும் கைவிரல் முட்டிகளில் சிலவும் அவருக்கு உண்டு. ஊரிலே அவருக்குப் பெண் பார்க்கத் தொடங்கியிருந்தார்கள். ‘பத்தே முறையில் முழுக் குணம், உத்தரவாதம்’ என்ற விளம்பரத் தாள் ஒன்றை எடுத்துக்கொண்டு என் அறைக்கு வந்தார். “தம்பி, நீ ஒளியைப் பற்றித்தானே படிக்கிறாய்? இது மெய்யா பொய்யா, சொல்லு” என்றார். “அண்ணே, கன்னம் தேறும்; விரல் தேறுவது கடினம்; பத்து முறையில் ஒன்றும் முடியாது” என்றேன். முகம் வாடிப்போயிற்று. ஆயினும் உத்தரவாதக்காரரிடம் போகாமல் அரசு மருத்துவமனை ஒன்றுக்குப் போனார். சில முறை நானும் துணைக்குச் சென்றேன்.

அங்கே நடப்பது மிக எளிது. நோயாளிக்கும் மருத்துவருக்கும் தனித்தனிக் கறுப்புக் கண்ணாடி. இவ்வொளியைக் கண்ணின் மேற்படலமும் வில்லையும் உறிஞ்சிக்கொள்ளும் என்பதால் அதில் சலுகை கிடையாது. ஓரங்குலத்துக்குக் குறைந்த சதுர வாயுள்ள கைப்பிடியைத் திட்டின்மேல் பொருத்துகிறார்கள். ஒவ்வொரு துடிப்பும் வினாடியை நூறு கோடியாகப் பகுத்தால் அதில் சில பத்துப் பங்கு நேரமே. அத்தகைய துடிப்புகள் நூற்றுக்கணக்கில் விழுகின்றன. படபடவென்று ஓர் ஓசை, ஒரு திட்டுக்குச் சில வினாடிகள், அவ்வளவே. போக வர இரண்டு மணி நேரப் பயணம்!

முதல் நாள் மிகக் குறைந்த அளவு. அடுத்தடுத்த முறை சிறிது சிறிதாக உயர்த்துகிறார்கள். ஒரு நாள் அளவுக்கு நின்று மறையும் இளஞ்சிவப்பு வந்தால் அளவு சரி. அதற்குமேல் கன்றினால் குறைக்கவேண்டும். வெண்புள்ளியுள்ள தோலில் காயம் பட்ட இடத்திலும் புதுத் திட்டு தோன்றக்கூடும் ஆதலால், விரைவாகக் குணமாக வேண்டும் என்று கூட்டிக் கொடுப்பது கெடுதலில் முடியலாம். அடுத்தடுத்த நாள்களிலும் கொடுப்பதில்லை. வாரத்துக்கு இரண்டோ மூன்றோ.

வாரம் ஒன்றா இரண்டா மூன்றா, எது சிறந்தது என்று இதற்கென்றே ஓர் ஆராய்ச்சி 2005-இல் நடந்தது. மும்முறை பெற்றவர்களுக்கு நிறம் விரைவில் தலைகாட்டியது. ஆனால் இறுதியில் எவ்வளவு நிறம் திரும்பியது என்பது மொத்தம் எத்தனை முறை ஒளி பெற்றார்கள் என்பதையே பொறுத்திருந்தது. தேர்வு இருந்தாலும் பயணச் செலவு தடுத்தாலும் ஒரு முறையைத் தவறவிட்டதற்காக மனம் உடைந்து நிறுத்திவிடுவோருக்கு இது ஆறுதலான செய்தி. எண்ணிக்கை வீணாவதில்லை.

நம் அண்ணாச்சி ஆறாவது முறையிலேயே நிறுத்தத் துணிந்தார். கண்ணாடியில் ஒன்றும் தெரியவில்லை. ஒன்பதாவது முறைக்குப் பின், சவரம் செய்யும்போது, கன்னத்து வெள்ளையில் மூன்று பழுப்புப் புள்ளிகளைக் கண்டார். முப்பது முறை ஆனபோது கன்னத்துத் திட்டுகளில் பெரும்பகுதி மூடிவிட்டது. விரல் முட்டிகள் இருந்தபடியே இருந்தன. இடையில் பெண் வீட்டாருக்கு அவரே தம் நோயை விவரித்துக் கடிதம் எழுதிவிட்டார். அவர்கள் வேறிடம் பார்த்துக்கொண்டார்கள். சிகிச்சையை அவர் அதற்காக நிறுத்தவில்லை.

சொரியாசிஸுக்கு இத்தனை பொறுமை தேவையில்லை. 2002-இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆராய்ச்சியில் நூற்றுக்கு 72 பேருக்குப் படையில் முக்கால் பங்கு மறைய, சராசரி 6.2 முறைகளே போதுமானதாயின. தடித்த படை நல்ல தோலைவிட மிகுந்த ஒளியைத் தாங்கும். லேசர் படையின்மேல் மட்டும் விழுவதால் துணிந்து கூட்டலாம். ஆனால் அதே ஆராய்ச்சியில் சேர்ந்தவர்கள் 124 பேர். திட்டத்தை இறுதிவரை முடித்தவர்கள் 80 பேர் மட்டுமே. பத்து முறை வந்துபோவதுகூட மனிதருக்கு எவ்வளவு கடினம் என்பதற்கு இதனினும் சான்று வேண்டியதில்லை.

‘லேசர் என்றால் உசத்தி, விளக்கு என்றால் மட்டம்’ என்ற எண்ணம் பலரிடம் இருக்கிறது. அதை வளர்த்துப் பணம் பண்ணுவோரும் உண்டு. லேசர் ஒளியின் தனிச்சிறப்பு அதன் அலைகள் அணிவகுத்துச் செல்வது. டி அணுவுக்கோ நிறமி அணுவுக்கோ அணிவகுப்பைப் பற்றி அக்கறை கிடையாது. 308 என்ற எண் ஒன்றே அவற்றுக்குப் பொருட்டு. அதே 308 ஒளியைத் தரும் எக்சைமர் விளக்கு லேசரைவிட மலிவு. வெண்புள்ளியில் லேசரையும் விளக்கையும் 311 பெட்டியையும் ஒப்பிட்ட ஆராய்ச்சிகளைத் தொகுத்து 2016-இல் வெளியிட்டவர்கள், முக்கால் பங்குக்குமேல் நிறம் திரும்புவதில் இவற்றிடையே பெரிய வேற்றுமையைக் காணவில்லை. சில திட்டுகளே உள்ளவர்க்கு, நல்ல தோலைத் தொடாத லேசரோ விளக்கோ ஏற்றது. உடம்பு முழுதும் பரவியவர்க்குப் பெட்டியே தகும். அத்தனை இடத்தையும் ஓரங்குலச் சதுரத்தால் நிரப்ப ஒரு நாள் போதாது. அருகிலுள்ள அரசு மருத்துவமனையில் பெட்டி மட்டும் இருந்தால் அதற்கே போய்வருவது, தொலைவிலுள்ள லேசருக்கு நாலு முறை போய் நின்றுவிடுவதைவிட மேலானது என்பது என் எண்ணம்.

வெயிலிலும் 308 உண்டே, அது போதாதா என்று கேட்கலாம். உண்டு, ஆனால் மிகச் சிறிது. ஓசோன் படலம் அதனைப் பெரும்பாலும் வடிகட்டிவிடுகிறது. சூரியன் சாய்ந்திருக்கும்போது ஒளி அப்படலத்தைச் சாய்வாகக் கடப்பதால் இன்னும் குறைகிறது. டிசம்பர் பிற்பகுதியில் நண்பகல் சூரியன் சென்னையில் ஏறத்தாழ 53 பாகை உயரத்தில் நிற்கிறது. இங்கே தில்லியில் 38 பாகைதான். பனிக்காலத்தில் இங்கே இதமாகக் காயும் வெயிலில் சூடு இருக்கிறது, மருந்து குறைவு. அதிலும் கண்ணாடி சன்னலுக்குப் பின் அமர்ந்து காய்வோர் சூட்டை மட்டுமே பெறுகிறார்கள். சாதாரணக் கண்ணாடி இவ்வொளியில் பெரும்பங்கைத் தடுத்துவிடும். கோடையில் கணக்கின்றி வெயில் காய்ந்தாலோ, பயனுள்ள கதிரோடு எரிக்கும் கதிரும் சேர்ந்தே வரும்.

திரும்பி வந்த நிறம் நிலைக்குமா என்ற கேள்விக்கு மழுப்பாமல் விடை சொல்ல வேண்டும். டி அணுக்களில் ஒரு சாரார் பழைய பகையை நினைவில் வைத்துக்கொண்டு தோலிலேயே குடியிருக்கின்றனர். ஒளி நின்றதும் சில மாதங்களில் அவர்கள் மீண்டும் எழக்கூடும்; பழைய திட்டு பழைய இடத்திலேயே திரும்புவது அதனால்தான். நிறம் திரும்பியவர்களை 2015-இல் பிரெஞ்சு ஆராய்ச்சியாளர் இரு பிரிவாக்கிப் பார்த்தனர். மருந்தில்லாத களிம்பைப் பூசியவர்களில் 6 மாதத்துக்குள் நூற்றுக்கு 40 அளவில் நிறம் மறுபடியும் குறைந்தது. டாக்ரோலிமஸ் களிம்பை வாரம் இருமுறை பூசியவர்களில் அது 10-க்கும் குறைவு. எனவே கடைசி முறை முடிந்ததும் மருத்துவர் எழுதித் தரும் களிம்பு, சிகிச்சையின் மிச்சம் மீதி அன்று; சிகிச்சையின் பாதி.

மயிர்க்கால் இல்லாத விரல் முட்டிக்கும் விரல் நுனிக்கும் வேறு வழி உண்டு. நோய் ஓராண்டு அளவாவது பரவாமல் நின்றிருந்தால், தொடையிலிருந்து மெல்லிய தோல் துணுக்கை எடுத்து, அதன் அணுக்களைப் பிரித்து நீர்மமாக்கி, மேற்பரப்பைச் சுரண்டிய வெள்ளைத் திட்டின்மேல் ஊற்றிக் கட்டுப்போடுகிறார்கள். வயலில் நாற்று நடுவதுபோல் நிறமி அணுக்களை நட்டுவிடும் வேலை இது. நம் நாட்டு மருத்துவமனைகள் சிலவற்றிலேயே இது நடைபெறுகிறது. விரல் மூட்டுகள் மடங்கி நிமிர்வதால் அங்கே நடவு பிடிப்பது மற்ற இடங்களைவிடக் கடினம். பிடித்துக்கொண்ட நாற்று பரவுவதற்கு, கட்டைப் பிரித்துப் புண் ஆறிய பின்னர், மீண்டும் அதே 308-ஐ வாரம் இருமுறை கொடுப்பதுண்டு. நம் அண்ணாச்சிக்கு அந்த நடவு வரும் ஆடி மாதத்தில் என்று நாள் குறித்திருக்கிறார்கள்.